மையைத் துடைத்துவிட்டு வாங்க: ஒரு ஜெனடிக்ஸ் ஓபி ரிவ்யூ

மிக்ஸி வாங்கப் போனால்கூட நூறு ரிவ்யூ கிடைக்கிறது. குழந்தையை ஜெனடிக்ஸ் டாக்டரிடம், அதாவது மரபணுக் கோளாறு பார்க்கிறவரிடம், கூட்டிப் போகும் முன் ஒரு வாரம் போனில் தேடினேன், கிடைத்தது என்னவோ "வெயிட்டிங் ஜாஸ்தி", "டாக்டர் தங்கமானவர்", "பார்க்கிங் கிடையாது" இவ்வளவுதான். உள்ளே போனதும் பிள்ளையை என்ன செய்வார்கள், எதற்கு டேப் வைத்து அளக்கிறார்கள், கையை ஏன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், என்னையும் என் வீட்டுக்காரரையும் ஏன் முறைத்துப் பார்க்கிறார்கள் என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். குறையும் நிறையச் சொல்லப்போகிறேன், அடுத்த மாதம் திரும்பவும் அங்கேதான் போயாக வேண்டும். ஸ்டார் கேட்டால் டாக்டருக்கு ஐந்து, ஜெனடிக் கவுன்சிலருக்கு (குடும்ப விவரம் கேட்டு, ரிசல்ட்டை விளக்கிச் சொல்கிறவர்) ஐந்து, அவர்களைச் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு.

முன்கதை கொஞ்சம். நாங்கள் விருதுநகர் பக்கம். பாப்பாவுக்கு இப்போது மூன்றரை வயது. பிறந்தபோது எடை சரியாகத்தான் இருந்தது, ஆனால் பால் குடிக்கத் தெரியவில்லை, தூக்கினால் ஈரத்துணி மாதிரி துவண்டு விழுவாள். இதயத்தில் சின்ன ஓட்டை என்று பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு மூலையில் "டிஸ்மார்ஃபிக் ஃபேஸ், ?சிண்ட்ரோமிக்" என்று பேனாவால் எழுதியிருந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தைகளைப் போனில் தட்டிப் பார்த்தேன். உருவம் இயல்பிலிருந்து மாறியது, பல அறிகுறி சேர்ந்து வருகிற கோளாறாக இருக்கலாம் என்கிற மாதிரி என்னென்னவோ வந்தது. என் பிள்ளை முகத்தில் என்ன மாறியிருக்கிறது என்று சாத்தூர் தாண்டும் வரை பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அவள் அழகாகத்தான் தெரிந்தாள்.

அப்புறம் ஒரு டாக்டர் கேரியோடைப் டெஸ்ட் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கிறது) எழுதிக் கொடுத்தார், 4,500 ரூபாய், "46 எக்ஸ்எக்ஸ், நார்மல்" என்று வந்தது. நார்மல் என்றால் நார்மல்தானே என்று ஒன்றரை வருஷம் நிம்மதியாக இருந்தோம். இதற்கு நடுவில் கண் சிவப்பாக இருக்கிறது என்று மூன்று தடவை சொட்டு மருந்து, எடை ஏறவில்லை என்று டானிக், காதில் சீழ் என்று ஆண்டிபயாட்டிக், எல்லாம் தனித்தனி டாக்டர், தனித்தனி பைல். வீட்டில் வேறு மாதிரி. "குளிக்க வைக்கிறப்போ மூக்கைச் சரியா பிடிச்சு விடலை, அதான் நுனி இப்படி அமுங்கிப் போச்சு" என்று ஊரில் இருக்கிற பாட்டிகள் எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். அத்தை, அதாவது என் மாமியார், அதைச் சொல்லவில்லை. அவர் வேறு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார், அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஐந்து வாரம். பொதிகையில் ஏறி எழும்பூரில் இறங்கி, லாட்ஜில் குளித்து, எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். கூப்பிட்டபோது மணி பன்னிரண்டே முக்கால். இது என் முதல் புகார். வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் உட்காரக்கூட முடியாத பிள்ளைகள், அந்த வராண்டாவில் படுக்கப் போட ஒரு பெஞ்ச் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அவர்களுக்கே தெரியும், பிறகு எதற்கு எல்லோரையும் ஒன்பது மணிக்கு வரச் சொல்கிறார்கள்? கேன்டீன் பொங்கல் பரவாயில்லை.

முதலில் ஒரு கவுன்சிலர் பெண் உட்கார வைத்துப் பேசினாள். சின்ன வயசு, தமிழில் பொறுமையாகப் பேசுகிறாள். எங்கள் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குப் படமாகப் போட்டாள், ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை பையன் என்று சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போட்ட கோட்டை இரட்டைக் கோடாக ஆக்கினாள். அந்த இரண்டாவது கோடு போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "இது குறிப்புக்காக மட்டும்தான்கா, இதை வச்சு இப்பவே ஒண்ணும் முடிவு பண்ண முடியாது" என்றாள். கரு கலைந்தது, பிறந்து இறந்தது, யாருக்காவது காது கேட்காமல் இருந்ததா, யாராவது பள்ளிக்கூடம் போக முடியாமல் இருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அடுத்து அவள் கேட்ட கேள்விதான் எனக்கு இந்த ஓபியையே புரிய வைத்தது. "பாப்பா யார் ஜாடை?"

ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி. அதை ஒரு ஆஸ்பத்திரியில் பேப்பரில் எழுதுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. காது கொஞ்சம் பெரிதாக விரிந்திருக்கிறது என்றால் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அப்படியே இருந்தால் அது குடும்ப ஜாடை, கவலையில்லை. வீட்டில் ஒருத்தருக்கும் இல்லாமல் பிள்ளைக்கு மட்டும் இருந்தால்தான் அது கணக்கில் வரும். அதனால்தான் எங்களை முறைத்துப் பார்க்கிறார்கள். பாப்பாவின் தலையை அளந்த கையோடு என் தலையையும் அவர் தலையையும் டேப் வைத்து அளந்தார்கள், அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் சின்ன வயசு போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். நல்லவேளை, அப்பாயின்ட்மென்ட் போடும்போதே போனில் சொல்லியிருந்ததால் எடுத்துப் போயிருந்தேன். அதைவிட அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது பாப்பாவுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்ட போட்டோ. முடி இல்லாமல் மண்டையின் வடிவம், காது நிற்கிற இடம் எல்லாம் அதில் அப்படியே தெரிகிறது. சந்தனம் பூசும் முன் எடுத்தது ஒன்று இருந்தது, அதை வாங்கி பைலில் கிளிப் போட்டுவிட்டார்கள்.

சரி, டாக்டர். ஐம்பது வயது இருக்கும், மேடம். உள்ளே போனதும் பிள்ளையைத் தொடவே இல்லை. பத்து நிமிஷம் எங்களோடு பேசிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பந்தை உருட்டி விட்டார், பாப்பா நடந்து போய் எடுத்தாள், அதைப் பார்த்தார். சிரிக்க வைத்தார். முகம் சும்மா இருக்கும்போது ஒரு மாதிரி, சிரிக்கும்போது ஒரு மாதிரி, அழும்போது ஒரு மாதிரி இருக்கும், ஒரு பக்கம் வாய் இழுக்கிறதா என்பது அழும்போதுதான் தெரியும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மா, மையைத் துடைச்சிட்டு வாங்க. பொட்டையும் எடுத்திருங்க. ஜடையை அவிழ்த்திருங்க" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பாப்பாவுக்குப் புருவம் வெளிப்பக்கம் பாதியில் மெலிந்து போயிருக்கும். பிறந்ததிலிருந்து தினமும் குளிக்க வைத்ததும் மை எடுத்து நான் அந்த மீதிப் புருவத்தை வரைந்து விடுவேன். எல்லா அம்மாவும் செய்வதுதான். ஆனால் மூன்று வருஷம் எந்த டாக்டரிடம் போனாலும் நான் வரைந்த புருவத்தோடுதான் கூட்டிப் போயிருக்கிறேன். எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொண்டுவந்து உட்கார வைத்தபோது டாக்டர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அந்தச் சாய்வை நான் பார்த்தேன்.

பிறகு அளவுகள். தலைச் சுற்றளவை மூன்று தடவை எடுத்து அதில் பெரியதை எழுதினார், ஒரு தடவை எடுத்தால் டேப் நழுவுமாம். கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிமூலை வரை ஒரு கண்ணாடி ஸ்கேலைக் கிட்டே பிடித்து 29 மில்லிமீட்டர் என்றார், இந்த வயசுக்கு அது நீளம். இரண்டு கண்ணின் உள்மூலைக்கும் நடுவில் எவ்வளவு, வெளிமூலைக்கு எவ்வளவு, கண்மணிக்குக் கண்மணி எவ்வளவு என்று தனித்தனியாக. கண்கள் விலகி இருக்கிற மாதிரி தெரிந்தால் நிஜமாகவே விலகியிருக்கிறதா, இல்லை மூக்குத் தண்டு தட்டையாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறதா என்பதை இந்த அளவுகள்தான் சொல்லுமாம். கண்ணை நம்பக் கூடாது, ஸ்கேலை நம்பணும் என்றார். காது கீழே இருக்கிறதா என்பதற்கும் அப்படித்தான், கண் மூலைகளிலிருந்து பின்னந்தலை வரை ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு காதின் மேல்விளிம்பு அதைத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள். தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தாலே காது இறங்கித் தெரியும். காதுக்கு முன்னால் இருந்த ஊசிமுனை ஓட்டையையும் குறித்துக்கொண்டார். காது குத்தும்போது ஆசாரி "ஏற்கனவே ஒண்ணு குத்தியிருக்கே" என்று சிரித்த ஓட்டை அது.

கீழ் இமையை அவர் காட்டியபோதுதான் நானும் முதல் தடவை பார்த்தேன். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் லேசாக வெளியே திரும்பி, உள்சிவப்பு ஒரு கோடு மாதிரி தெரிகிறது. மூன்று தடவை சொட்டு மருந்து விட்டோமே, அந்தச் சிவப்பு. அது நோவே இல்லை, இமையின் அமைப்பு.

உள்ளங்கையை விரித்ததும் என் வீட்டுக்காரர் என் காதில் "ரேகை பாக்குறாங்களா?" என்றார். டாக்டருக்குக் கேட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே, ஆமாம், ரேகைதான், ஆனா ஆயுள் ரேகை இல்லை என்றார். கையில் குறுக்கே ஒரே ரேகை ஓடினால் டவுன் சிண்ட்ரோம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எந்தப் பிரச்சினையும் இல்லாதவர்களிலேயே நூற்றில் நான்கு பேருக்கு ஒரு கையில் அப்படி இருக்கும், ஒருத்தருக்கு இரண்டு கையிலும் இருக்கும். உச்சந்தலையில் சுழி எத்தனை என்றும் பார்த்தார், ஒன்றுதான். ரெட்டைச் சுழி இருந்திருந்தால் எங்கள் பக்கத்தில் வேறு ஒரு கதை சொல்வார்கள்.

இப்போது விரல். இதை நான் பொறுமையாகச் சொல்ல வேண்டும். டாக்டர் பாப்பாவின் கையைப் பிடித்து, ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு விரலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராக நிறுத்தினார். "இங்க பாருங்க." விரல் நுனியின் உள்பக்கம், ரேகை இருக்கிற இடம், நமக்கெல்லாம் வழவழவென்று சரிந்து போகும். அவளுக்கு அங்கே ஒரு சின்ன மேடு, விழப்போகிற தண்ணீர்ச் சொட்டு மாதிரி. அடுத்த விரல், அதிலும். நகம் வெட்டும்போது எத்தனை தடவை பிடித்த விரல்! போன ஆடியில் மருதாணி அரைத்து விரல் நுனிக்குத் தொப்பி வைத்தபோது, தொப்பி நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது, அரைத்தது தண்ணியாகிவிட்டது என்று நினைத்தேன். எல்லாக் குழந்தைக்கும் வயிற்றில் இருக்கும்போது மூன்று மாதத்துக்கு முன்னால் விரல் நுனியில் இப்படி மேடு வருமாம், பிறகு தானாக அமுங்கிவிடுமாம். அந்த மேட்டின் மேல்தான் ரேகையே உருவாகிறது. சில பிள்ளைகளுக்கு அது அமுங்காமல் அப்படியே நின்றுவிடுகிறது. பத்து விரலையும் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் பாப்பாவின் கையை மெதுவாக அவள் மடியில் திரும்ப வைத்தார், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது போல.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு ராத்திரி டார்ச் அடித்து உங்கள் பிள்ளை விரலைப் பார்ப்பீர்கள். இப்படிச் சின்னச் சின்ன வித்தியாசம் ஒன்று பிறக்கிற குழந்தைகளில் சுமார் 14 சதவீதம் பேருக்கு உண்டு என்று 1964-லேயே எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றுமில்லை. மூன்று, அதற்கு மேல் சேர்ந்து வந்தால்தான் உள்ளே வேறு உறுப்பிலும் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். டாக்டர் சொன்ன மாதிரி, ஒரு எழுத்தைப் பார்த்து வார்த்தையைச் சொல்ல முடியாது. புருவம் ஒரு எழுத்து, இமை ஒரு எழுத்து, விரல் ஒரு எழுத்து, மூக்கு நுனி அமுங்கினது ஒரு எழுத்து. ஆமாம், அந்த மூக்கும் பட்டியலில் இருந்தது. மூக்குத் துவாரங்களுக்கு நடுவில் இருக்கிற தண்டு குட்டையாக இருப்பதால் நுனி இறங்கியிருக்கிறது, யாரும் பிடித்துவிட்டும் சரியாகாது, பிடிக்காமல் விட்டும் இப்படி ஆகவில்லை. இதை எழுதிக் கொடுங்கள் டாக்டர், ஊரில் காட்டணும் என்றேன். நிஜமாகவே கேட்டேன்.

அடுத்த புகார். நடுவில் படிக்கிற டாக்டர்கள் ஆறு பேர் உள்ளே வந்தார்கள். வரலாமா என்று எங்களிடம் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு விரலாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்கள், பாப்பா அழ ஆரம்பித்தாள். அவர்களுக்குள் இங்கிலீஷில் அவள் தலைக்கு மேல் ஒரு பட்டியல் ஓடியது. இறங்கிய காது, அமுங்கிய மூக்கு, வளைந்த புருவம், உயர்ந்த அண்ணம், வளைந்த சுண்டுவிரல். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தார்களா? நான் பி.காம். அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்தான், இதில் பழக்கப்பட்ட டாக்டர்கள் நாட்டில் ரொம்பக் குறைவு, இவர்கள் கற்றால்தான் அடுத்து எங்கள் ஊர்ப் பக்கமும் ஒருத்தர் உட்காருவார். ஆனாலும் ஒரு பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அவளைக் கடையில் துணி பார்க்கிற மாதிரி பார்க்கக் கூடாது. பெரிய டாக்டர் கவனித்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பி, ஸாரி சொன்னார். அவர் சொன்னார், அவர்கள் சொல்லவில்லை.

போட்டோ எடுத்தார்கள். நேரே, இரண்டு பக்கவாட்டு, கை, பாதம். சம்மதப் படிவம் நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். எதற்கு என்று கேட்டேன். பைலில் வைக்க ஒன்று, வயசு ஏற ஏற முகம் மாறும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஃபேஸ்டுஜீன் என்று ஒரு ஆப், முகத்தின் போட்டோவைப் போட்டால் எந்தெந்த சிண்ட்ரோம் மாதிரி இருக்கிறது என்று வரிசை போட்டுக் காட்டும். சம்மதம் தனித்தனியாகக் கொடுக்கலாம் என்பதைக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள், கேட்காவிட்டால் மொத்தமாகக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நான் கொடுத்தேன். வரிசையில் டாக்டர் ஏற்கனவே பேப்பரில் எழுதியிருந்த பெயர் மூன்றாவதாக வந்தது. மெஷின் மூணாவதா சொல்லுது, நான் முதலா சொல்றேன், பார்க்கலாம் என்றார். அந்த ஆப்பின் அடிப்படையை 2019-ல் வெளியிட்டபோது, சரியான பெயர் முதல் பத்துக்குள் வருவது 91 சதவீதம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் எந்த ஊர்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பழகியது என்பதும் இருக்கிறதே. 2017-ல் இதே ஆப்பில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பெல்ஜியம் பிள்ளைகளைப் போட்டபோது 80 சதவீதம் கண்டுபிடித்தது, காங்கோ பிள்ளைகளைப் போட்டபோது 37 சதவீதம்கூட வரவில்லை, அங்குள்ள முகங்களைக் காட்டிப் பழக்கிய பிறகுதான் 90-ஐத் தாண்டியது. நம்ம முகமும் அதில் நிறையச் சேர வேண்டும் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் எழுதிய பெயர் கபுக்கி சிண்ட்ரோம். 1981-ல் ஜப்பானில் நிக்காவா, குரோகி என்று இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக, ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைப் பார்த்து எழுதியது. கண்ணும் புருவமும் அங்கே கபுக்கி என்கிற கூத்தில் நடிகர்கள் போடுகிற மேக்கப் மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெயர், முதலில் கபுக்கி மேக்கப் சிண்ட்ரோம் என்றே இருந்ததாம், மேக்கப்பைப் பிறகு எடுத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேக்கப் போட்ட மாதிரி இருக்கிற கண்ணுக்கு மேல் நான் மூன்று வருஷம் மேக்கப் போட்டு மறைத்திருக்கிறேன்.

பார்த்தது போதாது, ரத்தமும் எடுக்க வேண்டும் என்றார். முன்னால் எடுத்த கேரியோடைப் ஏன் நார்மல் என்று வந்தது என்று கேட்டேன். அது அலமாரியில் புத்தகம் எல்லாம் இருக்கிறதா, பெரிதாகப் பக்கம் எதுவும் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற டெஸ்ட். எழுத்துப் பிழை அதில் தெரியாது. எழுத்துப் பிழை பார்க்க எக்ஸோம் என்று ஒரு டெஸ்ட், ஜீன்களில் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படிப்பது. பாப்பாவுக்கு 24,000 ரூபாய், பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்க ஆளுக்கு 4,000. ஓபி பீஸ் 1,000. அந்த ஆயிரம்தான் முதலிலேயே செலவழித்திருக்க வேண்டிய ஆயிரம். ஏனென்றால் எக்ஸோம் போட்டால் ஒவ்வொருத்தருக்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசங்கள் வரும், அதில் எது பிழை, எது வெறும் எழுத்து நடை என்று லேபில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? டாக்டர் பார்த்ததை எல்லாம் ஒரு பக்கம் எழுதி ரத்தத்தோடு அனுப்புகிறார். விரல் நுனி மேடு என்பதையும் எழுதியிருந்தார்.

ஏழு வாரம் கழித்து வந்தது. கேஎம்டி2டி என்கிற ஜீனில் ஒரு பிழை. கபுக்கிக்கு முக்கியமான ஜீன் இதுதான், 2010-ல் கண்டுபிடித்தது. என்னிடமும் இல்லை, என் வீட்டுக்காரரிடமும் இல்லை, அவளிடம் புதிதாக வந்தது.

அந்த ரிசல்ட் சொல்கிற அன்று அத்தையும் கூட வந்திருந்தார். கவுன்சிலர் பெண் பழைய குடும்பப் படத்தை எடுத்து வைத்து, இரட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இதனால வரலைம்மா" என்றாள். சொந்தத்தில் கட்டுவதால் வருகிறவை உண்டு, அதற்கு அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒரே பிழை ஒளிந்திருந்து இரண்டும் பிள்ளைக்குச் சேர வேண்டும். இதில் ஒரு பிழை போதும், அது உங்கள் இரண்டு பேரிடமும் இல்லவே இல்லை, யாரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கலாம், அடுத்த பிள்ளைக்கு வர வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று. தன் அண்ணன் மகளைத் தான் கேட்டு எடுத்ததால் வந்த வினை என்று அத்தை மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை வெளியே சொன்னதில்லை. "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். அந்தப் பெண் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஐந்து ஸ்டார் போட்டது இதற்குத்தான்.

மருந்து இருக்கிறதா என்றால் இல்லை. ஆனால் பெயர் தெரிந்ததும் எங்கே எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு தாளில் வந்துவிட்டது. எக்கோ, கிட்னி ஸ்கேன், காது கேட்கும் டெஸ்ட், கண், அண்ணம், பல், முதுகெலும்பு, எதிர்ப்பு சக்திக்கு ஒரு ரத்த டெஸ்ட். காது டெஸ்டில் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது என்று தெரிந்து இப்போது மெஷின் போட்டிருக்கிறோம், இந்த ஆறு மாதத்தில் பேச்சு கூடியிருக்கிறது. ஐந்து பைல் ஒரு பைல் ஆகிவிட்டது. பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சென்னைக்கு வர வேண்டாம், மாவட்டத்திலேயே அரசு இடையீட்டு சேவை மையம் இருக்கிறது, இலவசம், அங்கே போங்கள் என்று அனுப்பியதும் இவர்கள்தான். தனியார் ஆஸ்பத்திரியில் இப்படிச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு. மை, பொட்டு, பவுடர் வேண்டாம். உங்கள் இரண்டு பேரின் குழந்தைப் பருவ போட்டோ, பிள்ளை பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக போட்டோ, மொட்டை போட்டோ இருந்தால் கட்டாயம். பழைய பைல் எல்லாம், "நார்மல்" என்று வந்ததையும். சாப்பாடு, தண்ணீர், விரிக்க ஒரு துண்டு. படிக்கிற டாக்டர்கள் வந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் போதும் என்று தைரியமாகச் சொல்லலாம், இரண்டாம் தடவை நான் சொன்னேன், கேட்டார்கள். போட்டோ படிவத்தில் எதற்கு எதற்குச் சம்மதம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சென்னை தூரம் என்றால் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்குத் தனித் துறை இருக்கிறது, நான் எழுதிய புகார்கள் அவர்களைப் பற்றியது இல்லை.

போன ரிவ்யூவில் டாக்டர் டேப்பை எடுத்ததும் பாப்பா அதைப் பிடுங்கி அவர் தலையைச் சுற்றி அளந்தாள், நாங்கள் கேட்டதற்கு "பத்து" என்றாள். அடுத்தது ஆவணியில். அந்த மொட்டை போட்டோவின் பிரிண்ட் எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது, அவர்கள் பைலிலேயே இருக்கிறது, இந்தத் தடவை மறக்காமல் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.